பிறிட்சட் துரையின் ஆடிய முன்கட்டை

என் அக்கா கொன்ஸ்ரன்ஸின் புருஷன் கிளெமென்ற் அத்தானுக்கு எது ஆடினாலும் பொறுக்காது. கொட்டாஞ்சேனையில் எங்கள் சந்துக்குள் எவர் வீட்டு மேசை ஆடினாலும், கதவுப் பிணைச்சல் கழன்றாலும், கூப்பிடாமலே போய் நிற்பார். மாதா கோயிலில் பூசை நடக்கும்போதே, உட்காருகிற வாங்கின் காலுக்குக் கீழே கடதாசி மடித்து வைத்த மனிதர். நல்ல குணம்தான். அதற்கும் ஓர் அளவு உண்டு என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைக்காரத் துரைதான் சொல்லிக்கொடுத்தார்.

அத்தான் கோட்டையில் ஒரு ஏற்றுமதிக் கந்தோரில் இரண்டாம் கிளாக்கர். 1936இல் அங்கே பெரிய கிளாக்கர் பென்சனில் போகவிருந்தார். அவர் உட்கார்ந்த கதிரைக்கு இரண்டே பேர்தான் இருந்தார்கள்: அத்தான், அவருக்குப் பின் வேலைக்குச் சேர்ந்த வெள்ளவத்தை நாகேந்திரம். கதிரை அத்தானுக்குத்தான் என்று அக்கா நம்பி, முற்றத்தோடு ஒரு தனி வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள். தீர்மானிக்கிறவர் பிறிட்சட் துரை.

துரைக்கு ஒரே பைத்தியம் மண்தட்டுச் சுடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்மலானைப் பக்கத்துப் புல்வெளியில் துரைமார் கூடுவார்கள். ஒரு பொறி களிமண் தட்டை ஆகாயத்தில் வீசும். அதைத் துவக்கால் சுட்டுச் சிதறடிக்க வேண்டும். பிறிட்சட் துரை குறிபார்த்த தட்டுகள் பெரும்பாலும் புல்லில் பத்திரமாக வந்து இறங்கின. முதற்பூசை முடிந்ததும் அத்தான் ரயிலேறிப் போய்ப் புள்ளி குறிப்பார். நான் தோட்டாப் பெட்டி தூக்குவேன். சீமைப் பிஸ்கட் கிடைக்கும் என்பதற்காகப் போனேனே தவிர, துரையில் பாசம் வைத்து அல்ல.

ஒவ்வொரு தட்டும் தப்பியதும் துரை துவக்கைத் தூக்கி ஆட்டிக் காட்டுவார். குழலுக்குக் கீழே இடக்கை பிடிக்கிற முன்கட்டை கடகடவென்று ஆடும். "கேட்டீர்களா? இதை வைத்துக்கொண்டு மனிதன் எப்படிச் சுடுவது?" என்பார். மற்றத் துரைமார் அனுதாபப்படுவார்கள். திங்கட்கிழமை கந்தோரிலும் அதே கதைதான். நாகேந்திரம் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பெரிய அநியாயம், சேர்" என்பார். அத்தானோ, பாவி மனிதர், உண்மையாகவே அந்தக் கட்டையைப் பற்றி யோசித்தார்.

ஒரு ஞாயிறு எல்லார் முன்னாலும், "சேர், நான் இறுக்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார். துரையின் முகம் ஒருமாதிரிப் போயிற்று. சீமைக்கு அனுப்பாமல் சரிவராது என்றார். பக்கத்தில் நின்றவர்கள் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னிலையில் மறுக்க வழியில்லாமல் துவக்கைப் பெட்டியோடு கொடுத்தார். மறுநாள் கேள்விப்பட்ட நாகேந்திரம், "நல்லா இறுக்கும், கிளெமென்ற். கொஞ்சமும் அசையாமல் இறுக்கும்" என்றாராம். அத்தான் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்.

வீட்டு மேசையில் வேலை நடந்தது. கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. கடதாசி வைத்தார், நசிந்தது. துணி வைத்தார், வழுகியது. தோல் தடிப்பாகிவிட்டது. அப்போதுதான் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த, குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலை அவர் கண்ணில் பட்டது.

"மந்திரிச்ச ஓலையத் துவக்குக்குள்ள வைக்கிறதோ?" என்றாள் அக்கா. "அதுவும் ஒரு புரட்டஸ்தாந்துக்காரன்ர துவக்குக்குள்ள?"

"உயிரையா சுடப்போறார், கொன்சி? மண்ணைத்தானே. துரைக்கு நல்லது நடந்தா எங்களுக்கும் நல்லதுதானே."

அக்கா அந்தத் தனி வீட்டை நினைத்தாளோ என்னவோ, சிலுவை போட்டுக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்துத் தானே ஒரு கீற்று வெட்டிக் கொடுத்தாள். கட்டை கல்லுப்போல் இறுகிவிட்டது. அத்தான் ஆட்டிப் பார்த்தார், நான் ஆட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த ஞாயிறு முதல் தட்டுப் பறந்தது. துரை சுட்டார். தட்டு முழுசாகப் புல்லில் இறங்கியது. பழக்கத்தில் துவக்கைத் தூக்கி ஆட்டினார். அது பேசவில்லை. இன்னும் பலமாக ஆட்டினார். அப்போதும் பேசவில்லை. இரண்டாவது தட்டும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. பின்னால் நின்ற ஒரு துரை, "இப்போது எது ஆடுகிறது, பிறிட்சட்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். துரையின் கழுத்து அவித்த இறால்போல் சிவந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் அத்தான் போய்க் கூடத்தை நிமிர்த்திவிட்டார்.

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. தட்டுத் தப்பத் தப்ப, "கட்டை இறுக்கமா, சேர்?" என்று விசாரித்துக்கொண்டே நின்றார். எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை துரை அத்தானைக் கூப்பிட்டு, துவக்கின் சமநிலையே கெட்டுவிட்டது, உடனே பழையபடி ஆக்கு என்றார். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தவனே பெரிய கிளாக்கர் ஆகலாம் என்றும் சொன்னார். மத்தியானத்துக்குள் நாகேந்திரம் பெரிய கதிரையில் உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் பிறகு நாகேந்திரமே டிராமில் வைத்து என்னிடம் சொன்னது. சொல்லும்போது அந்த மனிதர் சிரிக்கவில்லை. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அத்தான் கந்தோரிலேயே ஓலையை உருவி எடுத்தார். மந்திரித்ததைக் குப்பைக் கூடையில் போட மனமில்லாமல் சட்டைப்பையில் இருந்த லேஞ்சியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்கா வாசலிலேயே நின்றாள், நானும் பக்கத்தில் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் என்ன நடந்தது என்று கேட்டாள்.

செய்த வேலை சரியாக இருந்ததால் கதிரை போயிற்று என்று எந்தப் புருஷன் பெண்சாதிக்குச் சொல்லுவான்?

"கட்டை திரும்பவும் ஆடத் தொடங்கிட்டுது," என்றார் அத்தான். "துரைக்குக் குறி தப்பிப்போச்சு."

அக்கா அந்த ஓலைக் கீற்றை வாங்கி விரலுக்கிடையில் வைத்துப் பார்த்தாள். "நான்தானே வெட்டித் தந்தனான்," என்றாள். "கொஞ்சம் அகலமா வெட்டியிருந்தா நிண்டிருக்கும்." அவள் குரல் உடைந்தது.

"உன்னில பிழையில்ல, கொன்சி. கட்டை பழசு. அதை வச்சுக்கொண்டு ஆருக்கும் சுட ஏலாது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உண்மையோ, பேதுரு? நீயும் அங்க நிண்டனிதானே?"

அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அக்கா," என்றேன். "சரியான பழசு."