மீன் வயிற்றில் நின்றுபோன கதை

ஞானமணி போய்விட்டார். இன்று காலை, மட்டக்களப்பில், மகள் வீட்டில்.

கல்முனையிலிருந்து சபூரியா போன் எடுத்துச் சொன்னாள். "டீச்சர், நம்மட ஞானமணி அக்கா மௌத்தாகிட்டாவாம்... உங்களுக்கு ஆரும் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடப் பழக்கம், எனக்கல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று கோபம்கூட வந்தது. ஏன் சொல்ல வேண்டும் என்றும் பிறகு தோன்றியது.

இந்தப் பதிவுக்குக் கீழே ஆர்.ஐ.பி. என்று மூன்று எழுத்துப் போடாதீர்கள். முழுதாக எழுத நேரமில்லாதவர்கள் எழுத வேண்டாம்.

பலருக்கு அவரைத் தெரியாது. கல்முனையில் எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபை மிகச் சிறியது... ஞாயிறு ஆராதனைக்கு உட்காரும் வாங்கு இரண்டு நிறைந்தாலே போதகர் முகம் மலரும். என் கணவர் அங்கே மூப்பராக இருந்தார்.

ஞானமணி மீன்பிடிக் குடும்பத்துப் பெண். எட்டாம் வகுப்போடு நின்றவர். என் வயதுதான்.

ஆகஸ்ட் லீவு வந்தால் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் நிகழ்ச்சி நடத்துவோம். காலையில் பாட்டு, கதை, விளையாட்டு. வெயில் தாழ்ந்ததும் ஊருக்கு ஏதாவது ஒரு வேலை.

எழுபத்தெட்டில் அடித்த சூறாவளிக்கு அடுத்த ஆகஸ்ட்... கூரை போன வீடுகள் அப்போதும் இருந்தன. கூரைக்குத் தென்னோலைக் கிடுகு பின்னினோம், கிணறு இறைத்தோம், யார் வீடு என்று பார்க்கவில்லை.

முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். சபூரியா எங்கள் கோவிலுக்குப் பின்வீட்டுப் பிள்ளை, அப்போது ஏழு வயதிருக்கும்.

ஞானமணியின் கதைக்குத்தான் கூட்டம். மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கடலைக் காட்டுவார். அன்று யோனா தீர்க்கதரிசியின் கதை.

"யோனாவத் தூக்கிக் கடலுக்குள்ள போட்டுட்டானுகள். மறுகா?"

"மறுகாஆஆ?" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"மறுகா என்ன, பெரிய மீனொண்டு வந்து... லபக்!"

"என்ன மீன் அக்கா? எங்கட வாப்பா புடிக்கிற மீனா?" இது சபூரியா.

"இல்ல புள்ள. உன்ட வாப்பாவயே புடிக்கிற மீன்!"

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 'மறுகா' என்றால் 'பிறகு'. அந்தக் கரையில் எல்லார் வாயிலும் இருக்கிற சொல். என் வாயில் மட்டும் இல்லை. கான்வென்டில் சிஸ்டர்மார் விடவில்லை, நானும் என் பிள்ளைகளை விடவில்லை.

அன்றைக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த போதகர் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஞானமணி, மறுகா என்று சொல்லாதீங்க. பிறகு என்று சொல்லுங்க. பிள்ளைகள் படிக்கிற இடம் இது."

எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார்... வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல. "சரி டீச்சர்" என்று திரும்பவும் உட்கார்ந்தார்.

"பிறகு... பிறகு வந்து... யோனா..."

கதை வரவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வாங்க புள்ளைகள், பிளேன்டி குடிப்பம்" என்று எழுந்துவிட்டார். யோனா மீன் வயிற்றுக்குள்ளேயே இருந்தார்.

அடுத்த நாள் கதை நேரத்துக்கு அவரைக் காணவில்லை. தேடிப் போனால், ஊறவைத்த தென்னோலைக்குப் பக்கத்தில் இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருக்கிறார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். எனக்கு ஓலை போதும். நான் கதைக்கிறது ஓலைக்கு விளங்கும்."

நானே சொன்னேன். ஒரு பிழையும் இல்லாத தமிழில் யோனாவைக் கரையேற்றினேன். சபூரியா கொட்டாவி விட்டாள்.

அதே வாரம்தான் சபூரியா வீட்டுக் கிணற்றை இறைத்தோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஞானமணி உள்ளே இறங்கினார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்.

கீழேயிருந்து குரல் வந்தது. "டீச்சர், நல்லாப் புடிங்க. நான் விழுந்தா ஐயோ எண்டுதான் கத்துவன். அதுக்கு நல்ல தமிழ் எனக்குத் தெரியா."

சபூரியாவின் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

'நாளைக்கு நீங்களே வந்து கதை சொல்லுங்க' என்று அப்போது சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது... சேற்று வாளியும் மேலே வந்தது. வாளியை வாங்கி ஊற்றினேன்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆகஸ்டும் வந்தார். கூரை வேய்ந்தார், கஞ்சி காய்ச்சினார், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு சுமந்தார். கதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், ஊர் நிலைமை கெட்டபோது, மகளோடு மட்டக்களப்புக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு பிஸ்கட் டின் கொடுத்தேன்.

பஸ் நகரும்போது யன்னலால் தலையை நீட்டினார். "போய்ற்று மறுகா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"பிறகு வாறன், டீச்சர்."

நான் கையை அசைத்தேன். அதைத்தான் செய்தேன்.

வருடா வருடம் கிறிஸ்மஸ் கார்ட் அனுப்பினேன், அழகான கையெழுத்தில். ஒன்றிலும் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பதில் கார்டில் எப்போதும் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும்... என் திருத்தத்துக்குப் பயந்தாரோ என்னவோ.

இன்று போனை வைக்கும் முன் சபூரியா கேட்டாள். "டீச்சர், அந்த யூனுஸ் நபிட கதைய அக்கா முடிக்கவே இல்ல, என்ன?"

எங்கள் யோனாதான் அவர்களுக்கு யூனுஸ் நபி. நான்தானே அடுத்த நாள் முடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓம், முடிக்கல்ல" என்றேன்.

நாளை பின்னேரம் அடக்கம். நான் இப்போது இருக்கிற கொழும்பிலிருந்து அவ்வளவு தூரம் என் முழங்கால் தாங்காது என்று மகன் மறித்துவிட்டான்.

போய் வாருங்கள், ஞானமணி. யோனா இன்னும் மீன் வயிற்றில்தான் இருக்கிறார்...

மறுகா?