மருமகளின் இரண்டு விநாடி

தொலைக்காட்சித் தொடரில் மூத்த மருமகளாக நடிக்க வந்து ஆறு வருடம் ஆகியும், படப்பிடிப்பில் அவளுக்குப் ‘புது மருமகள்’ என்றுதான் பெயர். விளக்குக்காரரிலிருந்து டீ கொடுப்பவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்னால் பழைய மருமகள் என்று ஒருத்தி இருந்து தொலைத்தாளே, அதனால்.

அந்தப் பழையவள் நாலு வருடம் நடித்துவிட்டு, நல்லா ஓடுகிற தொடரை விட்டு, “படம் எடுக்கப் போறேன்” என்று கிளம்பினாள். எல்லோரும் சிரித்தார்கள். காலியான இடம் தனக்கே வந்ததால் நம்மவள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் எழுத்து வந்த அன்று சொந்தபந்தம் ஒருவரையும் விடாமல் போன் போட்டுச் சொன்னாள்.

முதல் நாளே தொடரின் இயக்குநர் ஒன்றே ஒன்று கேட்டார். “மத்ததெல்லாம் உங்க இஷ்டம்மா. அந்த ரெண்டு செகண்ட் மட்டும் வேணும்.” பழையவள் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டாள். கண்ணை இடதுபக்கம் தாழ்த்தி, இரண்டு விநாடி சும்மா இருப்பாள். அந்த மௌனத்தில் என்னென்னவோ துக்கத்தைப் பார்த்து ஜனங்கள் உருகிப் போனார்கள். நம்மவள் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒரு மாதம் நின்று அதைப் பழகினாள். உழைப்புக்கு அஞ்சாதவள். வசனத்தை முந்தின நாளே கரைத்துக் குடித்துவிட்டு வருவாள். கேமராவை ஒட்டி, நடிப்பவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிற அண்ணனுக்கு அவளிடம் வேலையே கிடையாது.

ஒரு நாள் காலை, மருந்துக்கடைக்குக் கிளம்பிய கணவன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “உங்க பழைய மருமகளுக்கு விருதாமே. சிறந்த இயக்குநராம்!”

“கொடுப்பாங்க. அவங்களுக்கு வேற வேலை என்ன?”

வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். குறை கண்டுபிடிப்பதற்காகவே அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சல் மூன்று மடங்காயிற்று.

அடுத்த மாதம் பழையவளே கூப்பிட்டாள். புதுப் படத்தில் ஒரு அக்கா வேஷம், நடித்துக் காட்ட வர முடியுமா? புது என்ற பட்டம் ஒழிந்து தன் முகத்துக்கென்று ஒரு வேஷம். நாலு பக்க வசனத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

சின்ன அறை. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கக் காகிதங்களின் மேல் அந்த விருதை வைத்திருந்தாள் மகராசி. தனக்குக் கிடைத்திருந்தால் கண்ணாடிப் பெட்டி செய்திருப்போமே என்று நம்மவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உதவி இயக்குநர் முதல் கேள்வியைப் படித்தார். நம்மவளின் கண் இடதுபக்கம் தாழ்ந்தது. இரண்டு விநாடி. பதில். அடுத்த கேள்விக்கும் அப்படியே. பழையவள் சிரித்துவிட்டாள்.

“அய்யோ, அதை இன்னுமா பண்றீங்க? எனக்கு ஒரு வரி மனசுல நிக்காதுங்க. அண்ணன் எடுத்துக் கொடுக்கிறது காதுல விழற வரைக்கும் முழிச்சிக்கிட்டு நிப்பேன். அவ்வளவுதான். அது இல்லாம ஒரு தடவை சொல்லுங்களேன்.”

நாலு தடவை சொன்னாள். நாலு தடவையும் இரண்டு விநாடி ஆகாமல் நாக்கு புரளவில்லை.

“தப்பா நினைக்காதீங்க. என்னையே பாக்கிற மாதிரி இருக்கு. நானே நடிக்கத் தெரியாம ஓடி வந்தவ.”

வேஷம் கைநழுவியது. வீட்டுக்கு வந்து கணவனிடம், “கதை சுமார்தான்” என்றாள்.

மறுநாள் படப்பிடிப்பு. மாமியாராக நடிக்கும் அம்மாள் கேட்டாள், “எங்கடி போயிருந்தே?” அந்தக் கேள்வி முடிவதற்குள் நம்மவள் பட்டென்று பதில் சொன்னாள். ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

“கட்! ஏம்மா, அந்த ரெண்டு செகண்ட் எங்கே? ஜனங்க அதுக்குத்தானே பாக்கிறாங்க?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் ஆறு வருட உழைப்பும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். சொல்லாமல் மறுபடி தன் இடத்தில் போய் நின்றாள்.

“எங்கடி போயிருந்தே?”

கண்ணை இடதுபக்கம் தாழ்த்தினாள். அண்ணன் அங்கே காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினாள்.

“நான் எங்கேயும் போகல அத்தை.”