நல்லசாமி அண்ணனின் கட்டைவிரல்

மரவள்ளிக்கிழங்கைக் கையில் எடுத்ததும் நல்லசாமி அண்ணன் கட்டைவிரல் நகத்தால் தோலைக் கீறுவார். பிறகு வாலை ஒடித்து உள்ளே பார்ப்பார். "வந்து சேரும்போதே செத்துருச்சு லா, தங்கச்சி" என்று கூடையிலேயே திருப்பி வைத்துவிட்டு ஒரு ரொட்டி வாங்குவார். ஒனிஹங்காவில் எங்கள் டெய்ரிக்கு (இந்த ஊரில் மளிகைக்கடைக்கு அதுதான் பெயர்) ஃபிஜியிலிருந்து கிழங்கு வரும் வியாழக்கிழமைகளில் நாலைந்து கிழங்குக்கு வால் இருக்காது.

மலேசியாவில் இருபத்தெட்டு வருடம் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இப்போது வருடத்தில் மூன்று மாதம் ஓர் உதவி நிறுவனத்துக்காக ஆப்பிரிக்காவில், கேமரூனில், சிறு நிலம் வைத்திருக்கும் பெண்களுக்கு ஆலோசகர். மீதி ஒன்பது மாதம் எங்கள் கடைக்கு ஆலோசகர். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, அதில் செருகிய பேனா. பால் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று பேனாவை எடுத்துப் படம் போட்டே காட்டியிருக்கிறார்.

கேமரூனில் அறுபத்திரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு மாவு ஆலைக்கு மரவள்ளி விற்கிறார்கள். போன வருடம், லாரி வருவதற்கு முந்தின நாளே தோண்டிச் சாலையோரம் குவித்துவிடுங்கள், லாரி காத்து நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். தோட்டத்தில் செம்பனைக் குலைக்கு அப்படித்தான் செய்வார்களாம். மரவள்ளியோ தோண்டிய மூன்றாம் நாள் உள்ளே கறுத்துவிடும். "மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும்" என்று பெண்களின் தலைவி எஸ்தர் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். மழை பிடித்தது. ஐந்தாம் நாள் வந்த லாரி காலியாகத் திரும்பியது.

"யாரோ ஒரு ஆபீசரு சொன்னாராம், இவங்களும் கேட்டாங்களாம்" என்று அண்ணன் இன்னொரு கிழங்கின் வாலை ஒடித்தார்.

"அந்த ஆபீசரு தினம் என் வீட்டுலதான் சாப்பிடுறாரு" என்றார் பக்கத்தில் நின்ற அவர் மனைவி ரதிதேவி அக்கா.

இந்த வருடம் லாரி கண்ணில் படும்வரை மண்வெட்டியைத் தொடுவதில்லை என்று முடிவு. எல்லாம் விற்றால் பெண்கள் மறுபடி நடுவார்கள், அண்ணனையும் கூப்பிடுவார்கள். இந்த முறையும் கெட்டுப்போனால் மரவள்ளியையும் விடுவார்கள், அவரையும் விடுவார்கள். செய்தி எங்கள் கடை ஃபேக்ஸுக்குத்தான் வர வேண்டும். இரண்டு வாரமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்தார்.

"மிஷின்ல தாளு இருக்கா, தங்கச்சி?"

"இருக்குண்ணே."

மூடியைத் திறந்து பார்ப்பார். இப்படித் திறந்துகொண்டே இருந்தால் அது எப்படி வரும் என்று கேட்க நாக்கு நுனி வரை வரும்.

செவ்வாய்க்கிழமை காலை வந்துவிட்டது. அவர் வருவதற்குள் நான் அந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். லாரி வந்தது. அதைப் பார்த்த பிறகே தோண்டினோம். எல்லாம் விற்றுவிட்டது. மார்ச்சில் நடுகிறோம், வாருங்கள். எஸ்தர். அதற்கும் கீழே, தாளின் ஓரத்தில், தனியாக ஒரு வரி: இந்த முறை கொஞ்சம் குறைவாகப் பேசுங்கள்.

அண்ணன் நின்றபடியே இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"கூப்பிட்டுட்டாங்க லா" என்றார். பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்த ஃபேக்ஸ் தாளு சீக்கிரம் மங்கிரும். ஒரு காப்பி எடுத்துக்கிறேன். ரதிக்குக் காட்டணும்."

வழக்கமாக நான்தான் எடுத்துக்கொடுப்பேன். அன்று, "நீ இரு, தங்கச்சி" என்று நகல் மிஷினுக்கு அவரே போனார். தாளை மிஷின் கண்ணாடி மேல் கவிழ்த்து, ஓரத்தைப் பிடித்தவர் பிடித்தபடியே பொத்தானை அழுத்தினார். நகல் மெதுவாக வெளியே வந்தது. எல்லா வரியும் பளிச்சென்று விழுந்திருந்தது. கடைசி வரி இருந்த இடத்தில் மட்டும், நகத்துக்குள் கிழங்கு மண்ணோடு, ஒரு பெரிய கட்டைவிரல்.