கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை

நயினாதீவில் அம்மன் கோயிலுக்குக் கொடியேறினால் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை. நான் சுருட்டும் தொடுவதில்லை. கடைசியாகத் தீர்த்தம் முடிந்ததும், அன்று பின்னேரமே விறாந்தையில் கதிரையைப் போட்டு ஒன்றைப் பற்றவைப்பேன். முப்பது வருடத்துக்கு மேல் இப்படித்தான் நடந்தது.

என் மனைவிக்குத் தொய்வு, ஆஸ்துமா. சமைத்துக்கொண்டிருக்கும்போதே குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுப்பாள். திருவிழா நாள்களில் மட்டும் அது தணியும். அம்மாளின் கருணை என்று நம்பினாள். அதற்கு நேர்த்திக்கடனாக ஆண்டுதோறும் தேருக்குப் பின்னால் அடியழித்தாள்: சுடுமணலில் விழுந்து கும்பிட்டு, எழுந்து, ஓரடி வைத்து, மறுபடி விழுந்து, வீதி முழுவதும்.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். அவளுக்கு எதனால் மூச்சு இலகுவாகிறது என்பது ஓய்வுபெறுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் சுருட்டை விடவேண்டி வரும். சொல்லவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் கிளினிக்குக்குப் புதிதாக வந்த டொக்டர், மூச்சு வருத்தம் எப்போது குறைகிறது என்று அவளிடம் கேட்டார்.

"திருவிழாவிலை ஒண்டும் இல்லை, டொக்டர். அம்மாள் பாத்துக்கொள்ளுவா."

"அந்த நாளிலை வீட்டிலை என்ன வித்தியாசம்?"

"மச்சம் இல்லை. இவர் சுருட்டுப் பத்தமாட்டார்."

டொக்டர் என்னைப் பார்த்தார். "ஏன் ஐயா, மற்ற மாசங்களிலை அம்மாள் வெளிநாட்டிலையே இருக்கிறா?"

மனைவி சிரித்துவிட்டாள்.

அன்றே விட்டேன். முதல் வாரம் எரிச்சலில் கோப்பை ஒன்றை உடைத்தேன். ஒரு மாதத்தில் என் காலை இருமல் நின்றது. எதிர்க்காற்றிலும் இறங்கித் தள்ளாமல் இறங்குதுறை வரை சைக்கிள் மிதிக்க முடிந்தது. குழம்பில் உப்புக் கூட என்று தெரிந்தது. இவ்வளவு காலமும் எனக்காகத்தான் கூட்டிப் போட்டாளாம். அவளுக்கும் மூச்சுக்குப் பம்ப் அடிக்கும் தேவை குறைந்தது. முழுதாகக் குணமாகவில்லை. பழைய சேதம் மாறாது என்றார் டொக்டர்.

சென்ற ஆண்டு கொடியேற முன்பு, இனி அடியழிக்க வேண்டாம் என்றேன். ஏன் என்றாள்.

"என்ரை புகைதான் உமக்கு வருத்தம் எண்டு எனக்கு முந்தியே தெரியும்."

கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். "எப்ப துவக்கம்?"

"பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கேக்கையே."

"நான் மணலிலை விழுந்து எழும்பேக்கை, நீங்கள் தண்ணிப் போத்திலோடை பக்கத்திலை வந்தனீங்கள்."

"ஓம்."

மிச்சக் கத்தரிக்காயை வெட்டி முடித்தாள். அந்த ஆண்டும் அடியழித்தாள். தண்ணீரை அயல்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, என்னை வீட்டில் நிற்கச் சொன்னாள். நின்றேன்.