எந்தக் கதவையும் விடாத விசிலக்கா

எங்கள் அடுக்குமாடியில் விசிலக்காவைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். மாதத்தின் முதல் ஞாயிறன்று, மனுஷியை ஆற அமர உட்கார விடாமல், தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழ்த்தளத்திலிருந்து கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருவார். பேருந்து நடத்துநராக விசில் ஊதி ஓய்வு பெற்றவர், அதனால்தான் அந்தப் பெயர். வேலைதான் முடிந்ததே தவிர, குரல் அப்படியே இருந்தது. "எடுங்க எடுங்க, சில்லறை இல்லன்னு சொல்லாதீங்க!" என்று அவர் கீழே ஆரம்பித்தால், நாலாவது மாடியில் எனக்குத் தூக்கிவாரிப் போடும். சில மாதம் கதவைத் திறக்காமல் டிமிக்கி கொடுத்திருக்கிறேன்.

வசூல் புற்றுநோயாளிகளுக்காக. மருந்துக்கு இல்லை, வாடகைக்கும் மளிகைக்கும் கரண்ட் பில்லுக்கும். அக்காவின் கணவர் பெயின்டர். வயிற்றில் புற்று வந்து படுத்துவிட்டார். "வைத்தியம் இலவசமாத்தான் நடந்துச்சு. அதுக்காக ஓனர் வாடகைய விட்டுருவாரா, இல்ல எங்களுக்குத்தான் பசிக்காம இருக்குமா?" என்பார் அக்கா. கணவர் போன பிறகு அவர் தொடங்கியது இந்த வசூல். பணம் யாருக்குப் போகிறது என்று மட்டும் மூச்சு விடமாட்டார். கேட்டால், "பக்கத்து சீட்டுக்காரர் எங்க இறங்குறார்னு தெரிஞ்சாத்தான் பஸ்ல ஏறுவீங்களா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அப்புறம் எனக்கே வந்தது. மார்பில் கட்டி.

நான் தையற்காரி. தனி ஆள். வீட்டில் மெஷின் போட்டு, பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று பிழைப்பவள். வாடிக்கையெல்லாம் இதே கட்டடத்து ஆட்கள்தான். நோய்க்காரி கை பட்ட துணி என்று ஒருத்தர் முகம் சுளித்தால் போதும், என் பிழைப்பில் மண் விழுந்துவிடும். அதைவிட, படியில் பார்க்கிறவர்கள் எல்லாம் 'அய்யோ பாவம்' என்று உச்சுக்கொட்டுவதை என்னால் தாங்கவே முடியாது. அறுவை சிகிச்சைக்குப் போனபோது ஊருக்குப் போவதாகச் சொன்னேன். வந்த பிறகு, கை சுளுக்கு என்று சொல்லிவைத்தேன்.

கையைத் தூக்க முடியாததால் மெஷின் தூங்கியது. வாடகை நின்றது. "பத்தாம் தேதிக்குள்ள குடுத்துடுங்க, இல்லன்னா காலி பண்ணிடுங்கம்மா" என்றார் வீட்டு ஓனர். மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டு மாற்றிய நர்ஸ், "வீட்ல செலவுக்கு என்ன பண்றீங்க?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டார். உடைந்து அழுதுவிட்டேன். உதவி செய்கிற ஒருத்தர் இருக்கிறார், சொல்லட்டுமா என்றார். தலையாட்டினேன்.

அரை மணியில் வந்து நின்றது விசிலக்கா. மூணு தெருவுக்குக் கேட்கிற குரல்! முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

அக்கா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வாடகையும் மளிகையும் என் பொறுப்பு. நீ உடம்பப் பாரு, தங்கச்சி" என்றார். அவருக்கு இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, பில்டிங்ல யாருக்கும் தெரியக்கூடாது."

"ம்" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த மாதத்தின் முதல் ஞாயிறும் வந்தது. இந்தத் தடவை என் கதவைத் தாண்டிப் போய்விடுவார் என்று நிம்மதியாகப் படுத்திருந்தேன். கதவு இடிபட்டது.

"டெய்லரம்மா! போன மாசமும் டிமிக்கி, இந்த மாசமும் டிமிக்கியா? வெளிய வா!"

திறந்தால், அக்காவுக்குப் பின்னால் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என் நிலைமை தெரிந்த ஒரே ஆள், என்னிடமே கையை நீட்டுகிறாரே! டப்பாவில் கிடந்த சில்லறையை அள்ளி அவர் பையில் கொட்டினேன்.

"இவ்ளோதானா? மகாராணி!" என்றார் அக்கா. நான் கதவை அறைந்து சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. வெளியே வாத்தியார் பேசுவது கேட்டது.

"இந்தத் தடவை நம்ம பில்டிங்லயே யாருக்கோன்னு பேசிக்கிறாங்களே அக்கா. எந்த வீட்டைத் தட்டாம விடுறீங்களோ அதுதான் ஆளுன்னு, கீழ இருந்து உங்க பின்னாடியே வர்றேன். கழிச்சிக்கிட்டே வந்தா விடை கிடைச்சிடும்ல?"

"கிடைச்சுதா வாத்தியாரே?"

"எங்க? ஒரு கதவையும் விடாம தட்டிட்டீங்களே!"

"அப்ப உங்க பங்கை எடுங்க. என்கூட மாடி ஏறினதுக்குச் சேர்த்துக் குடுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைக் காப்பாற்றத்தான் என்னிடமே பிடுங்கியிருக்கிறார். அந்த மனுஷியையா இத்தனை வருடம் கரித்துக்கொட்டினேன் என்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

பத்தாம் தேதி படியில் ஓனரைப் பார்த்தேன். "உங்க தம்பி வந்து பாக்கி மொத்தமும் கட்டிட்டாரும்மா. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த எனக்கு ஒரு தம்பி! அந்தத் 'தம்பி', அக்கா நடத்துநராக இருந்த பஸ்ஸை ஓட்டியவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மளிகைப் பையோடு அக்கா அனுப்பிய ஆள் வந்தபோது, கூடவே தைக்கக் கிழிந்த சட்டை ஒன்றும் வந்தது. மளிகை வந்ததை யாரும் கேட்டால், தையல் கூலி என்று சொல்லிக்கொள்வதற்காம்.

அடுத்த முதல் ஞாயிறு, கதவு இடிபடுவதற்கு முன்பே நான் தயாராக நின்றேன். கொஞ்சம் கை தூக்க வந்திருந்தது.

"டெய்லரம்மா!"

கதவைப் படாரென்று திறந்தேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா? போன மாசம்தானே அள்ளிக் குடுத்தேன்! ஞாயித்துக்கிழமை கூடத் தூங்க விடமாட்டீங்களா?" என்று கட்டடமே கேட்கிற மாதிரி கத்தினேன். எதிர்வீட்டில் வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, சண்டை தமக்கெதற்கு என்று உள்ளே போய்விட்டார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை நீட்டினார். காசைப் போடுகிற சாக்கில், பைக்குள் இருந்த அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தது.