சென்சார் மேல் ஈரத்துண்டு

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஆரணியில் ஒரு பட்டுச் சாயப்பட்டறைக்கு மென்பொருள் ஒன்று செய்து மாட்டினேன். ஆள் சாயத்தைச் சூடேற்றும் பக்குவத்தைக் கவனித்துக் கற்றுக்கொண்டு, பிறகு அடுப்பைத் தானே கூட்டிக் குறைக்கும்.

அது கற்க வேண்டிய ஆள் அங்கிருந்த சாயக்காரர். சிவந்த கண், நீலமேறிய நகம். அடுப்பருகே வரும்போதெல்லாம் சாயத்தொட்டியில் ஒட்டியிருந்த, சூட்டை அளக்கும் சென்சார் மேல் ஈரத்துண்டைப் போடுவார். துண்டைக் காயப்போடுகிறார் என்றே படித்தவனான நான் நம்பினேன்.

“இது கத்துகினா எனக்கு இங்க இன்னா வேலை?” என்றார்.

“உங்களுக்கு உதவிதாங்க.”

“ஓனரு அப்டியா சொன்னாரு?”

சொல்லவில்லை.

தனியே ஓடவிட்ட அன்று, துண்டின் குளிர்ச்சியையே பக்குவமென்று கற்றிருந்த மென்பொருள் அடுப்பைத் தணித்தது. அரக்குப் பட்டு திட்டுத்திட்டாக வெளுத்தது. முதலாளி மென்பொருள் ஓடிய பெட்டியைக் கழற்றச் சொன்னார்.

“வேணும்னேதானே பண்ணீங்க?” என்றேன் சாயக்காரரிடம்.

“ஆமா. ஜல்தி கழட்டிகினு கெளம்பு.”

பிழைக்குக் காரணம் கேட்டு, இவ்வளவு நேரான பதில் என் தொழிலில் வேறு யாரும் சொன்னதில்லை.