பிலோமினா கொடுத்த தந்தி

சென்ற செவ்வாய்க்கிழமை நான் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பிலோமினாவின் தம்பி வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமல் அவர் தயங்கியதைப் பார்த்ததுமே தட்டச்சை நிறுத்திவிட்டு எழுந்தேன். "மெட்ராஸ்லேர்ந்து தந்தி வந்திட்டு. அக்கா போயிட்டா," என்றார். பக்கத்து மேசையில் அவளுடைய தட்டச்சு இயந்திரம் உறை போட்டபடி இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

போர்ட் பிளேரில் அஞ்சல்வழி படித்தவர்களுக்கு பிலோமினாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்த குடும்பம். வேலையை விடாமல் பி.ஏ. படிக்க வேண்டும் என்று மெயின்லேண்டுக் கல்லூரி ஒன்றில் ஐந்து பேர் சேர்ந்தோம். பாடங்கள் கப்பலில் வரும். கடல் கொந்தளித்தால் ஒரு மாதம்கூட எதுவும் வராது.

முதல் வருடம் பொருளாதாரப் பாடம் ஒன்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. முகமறியாத பேராசிரியருக்குக் கடிதம் எழுத நடுங்கினேன். 'இதுகூடத் தெரியாமல் ஏன் சேர்ந்தாய்' என்று கேட்டுவிடுவாரோ? நான்கு வாரம் அந்தப் பாடத்தைப் பையிலேயே சுமந்தேன்.

"ஏளா சரசு, அந்த சாருக்கு உன் மூஞ்சியே தெரியாது. பொறவு என்னத்துக்கு வெட்கப்படுத?" என்று பிலோமினாதான் என்னை உட்காரவைத்து எழுதச் சொன்னாள். ஒரு கடிதத்தில் ஒரே சந்தேகம். எந்தப் பக்கம், எந்த வரி என்று குறிப்பிட வேண்டும். கீழே பாதித் தாளை வெறுமையாக விட வேண்டும். நம் முகவரி எழுதிய உறையும் உள்ளே இருக்க வேண்டும். "அவருக்கு வேலையக் குறைச்சுக் குடு, பதில் தன்னால வரும்," என்றாள். ஏழு வாரம் கழித்து, விட்ட இடத்தில் சிவப்பு மையில் நான்கு வரி வந்தது. பாடம் புரிந்துவிட்டது.

கடைசி வருடம்தான் உண்மையான பயம் வந்தது. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் பயிற்சி விடைத்தாள் குறித்த நாளுக்குள் வராதவர்கள் தேர்வு எழுத முடியாது என்று கல்லூரியிலிருந்து கடிதம். எங்கள் ஐந்து பேர் விடைத்தாள்களும் புறப்படாத கப்பலில் கிடந்தன. மூன்று வருடப் படிப்பு போய்விடும் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தப் பேராசிரியருக்கே தந்தி குடுப்போம்," என்றாள் பிலோமினா.

எங்கள் ஐவரில் ஒருவரான, கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் வரும் தங்கராசு பதறிப்போனார். "வேணாம்மா! படா சாப் ஆளுங்க, பெரிய எடம். கோவிச்சுக்கிட்டா நம்ம பேரைக் குறிச்சு வச்சுக்குவாங்க."

"குறிச்சு வைக்கட்டும் அண்ணே. இப்ப நம்ம பேரே அங்க ஒருத்தருக்கும் தெரியாதே."

தந்தி அலுவலகத்துக்கு நானும் போனேன். எங்கள் ஐவருக்காகவும் அவகாசம் கேட்டு, அடியில் தன் பெயரை மட்டும் எழுதினாள். கோபம் வந்தால் தன்னோடு போகட்டும் என்று நினைத்திருக்கிறாள். பயத்தில் இரண்டு படிவங்களைத் தப்பாக எழுதிக் கிழித்தாள். நான் பார்த்தும் பார்க்காதவள்போல் நின்றேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கம்தான்.

பதினோரு நாள் தபால்காரரைக் கண்டாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் பதில் தந்தி வந்தது. ஐந்து பேரும் தேர்வு எழுதலாம். பிறகு பேராசிரியரின் கடிதமும் வந்தது. பாடங்கள் கப்பலுக்காகக் காத்திருப்பது தமக்குத் தெரியாது என்றும், யாரும் சொன்னதில்லை என்றும், இனித் தீவு மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மாதம் தரப்படும் என்றும் எழுதியிருந்தார்.

நாங்கள் நால்வர் தேறினோம். பிலோமினா ஆங்கிலத்தில் தவறிவிட்டாள். அழுதாள். மறுநாளே, எங்கே பிழை செய்தேன் என்று அதே பேராசிரியர் வழியாகவே விசாரித்து எழுதினாள். அடுத்த முறை தேறினாள்.

போன மாதம் மெட்ராஸ் சிகிச்சைக்காக அவளைக் கப்பலேற்ற ஹாடோ ஜெட்டிக்குப் போயிருந்தேன். பாதி உடம்பாக இளைத்திருந்தாள். ஏணிப் பக்கம் போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, "பயமா இருக்கு சரசு," என்றாள். 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "எனக்கும்தான்," என்றேன்.

"அப்ப சரி," என்று சொல்லி, ஏற்றிவிட வந்திருந்த தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

பயத்தை அவள் ஒரு நாளும் மறைத்ததில்லை; அதற்காக நின்றதுமில்லை. எனக்கு அவளிடமிருந்து மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். அப்படி இருக்க எனக்கு இன்னும் பழக்கமாகவில்லை, பிலோமினா.